பேரன் என்றால் யார்?

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அகதியாக சிட்னிக்கு வந்து லிட்கமில் கடை போட்டேன், ஹோம்புஷில் வீடு கட்டினேன், மூன்று பிள்ளைகளையும் டொக்டராக்கினேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

என் கடைக்குச் சனிக்கிழமைகளில் ஒரு பாண்டிச்சேரிக்காரர் வருவார். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அரிசி மூட்டை மேல் நீளத் தாளை விரித்து, அறுநூறு வருஷத்துக்கு முந்திய பிரெஞ்சுப் பிரபு ஒருவரின் வம்சாவளியைப் பென்சிலால் எழுதி எழுதி அழிப்பார்.

"அவர் உங்களுக்கு என்ன முறை, தம்பி?"

"ஒரு முறையும் இல்லண்ணே. புத்தகம் எழுதறேன், பாதியில நிக்குது. போர்ல செத்தவரு இருபது வருஷம் கழிச்சுக் கல்யாணம் பண்றாரு!"

"அது ரெண்டு பேர். செத்தது பேரன்."

"தாத்தா கல்யாணத்துக்கு முன்னாடியே பேரன் எப்படிண்ணே சாவான்?"

"எங்கட யாழ்ப்பாணத்தில பேரன் எண்டா தாத்தா! அவரின்ர பேரைத்தான் பேரப்பிள்ளைக்கு வச்சிருக்கினம்."

அவர் ஒரு பெயரை அழித்து இரண்டாக எழுதினார். வாங்க வந்த அரிசியை மறந்து போய்விட்டார்.

உறவே இல்லாத ஒருவருக்காக இவர் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் புத்தகத்தில் 'நண்பர் ஒருவர் சொன்னார்' என்று போட்டால் விடமாட்டேன். முடிச்சை அவிழ்த்தவன் நான். முதல் பக்கத்திலேயே என் பெயரை முழுசாகப் போட வேண்டும்.