எட்டு மைக்ரான் சந்தனம்

என் தங்கை ஷீலா ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. "யாராவது பெரிய ஆள் சிபாரிசா?" என்று என் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆள் கேட்பதற்குள் நடந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தக் கம்பெனிக்குள் நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். அதனால் ஷீலாவிடமும், அங்கே கிரைண்டிங் மிஷின் ஓட்டும் அப்துல் கய்யூம் பாயிடமும் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு, இரண்டாவது மாடி. அப்பா முருகையன் பெயிண்டர். அவர் தவறியபோது நான் பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன், ஷீலா நான்காவது. அம்மா தேவானை அடையாறில் இரண்டு வீடுகளில் சமைக்கிறாள். நான் மயிலாப்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறேன். ஷீலா மெக்கானிக்கல் இன்ஜினியரிங் எடுத்தாள். எங்கள் பிளாக்கில் அந்தப் படிப்பு எடுத்த முதல் பெண் அவள்தான். விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவள் கல்லூரியில் ஏழாவது செமஸ்டர் முழுக்க, பதினாறு வாரம், ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். கம்பெனி சர்டிபிகேட் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு வாய்மொழித் தேர்வு. அவளுடைய தோழி பூஜா ஒரு நாள் போன் செய்தாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஷீலா, இன்னாத்துக்கு இப்டி வெயில்ல அலைஞ்சிக்கினு கீற? டி.நகர்ல ஒருத்தர் கீறார். போட்டோவும் காலேஜ் ஐடியும் குடுத்தா போதும், நாலு மாச சர்டிபிகேட் ரெடி. வீட்டுல படுத்துக்கினே இன்டர்ன்ஷிப் முடிச்சிரலாம்."

"வைவால கேட்டா இன்னாடி சொல்லுவ?"

"ரிப்போர்ட்டும் அவரே குடுப்பாரு மச்சி. மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிட வேண்டியதுதான்."

ஷீலா போகவில்லை. கிண்டியிலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் இருபத்து மூன்று கம்பெனிகள் ஏறி இறங்கினாள். "லேடீஸ் டாய்லெட் கிடையாதும்மா" என்று சொன்னவை மட்டும் ஒன்பது. இருபத்து நான்காவது கம்பெனியின் முதலாளி விஜயராகவன் அவளை ஏற இறங்கப் பார்த்து, "கையெல்லாம் ஆயிலாகும், பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டாராம். ஜூலை 7, திங்கட்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு அவள் உள்ளே போனாள்.

அங்கே செய்வது பம்புகளுக்குள் பொருத்துகிற எஃகுப் பின்கள். விரல் நீளம், பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன். அந்தத் தடிமனில் ஐந்து மைக்ரான் ஏறக்கூடாது, ஐந்து மைக்ரான் இறங்கவும் கூடாது. நம் தலைமுடி ஒன்றே ஏறக்குறைய எழுபது மைக்ரான் இருக்கும் என்றால் கணக்கு புரியும். இவ்வளவு நுணுக்கத்தை அளக்க ஒரு ஸ்டாண்டில் முள் வைத்த டயல் இருக்கிறது. மிகச் சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உள்ள எஃகுத் துண்டு ஒன்றை, அதற்கு மாஸ்டர் பீஸ் என்று பெயர், காலையில் முள்ளுக்கு அடியில் வைத்துப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொரு பின்னாக வைத்தால், எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று முள் காட்டும். கய்யூம் பாய் மிஷினில் தேய்த்து அனுப்புவார். ஷீலா அளந்து, பெட்டியில் அடுக்கி, சீட்டில் கையெழுத்துப் போடுவாள்.

முதல் வாரத்திலேயே அவளாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். நல்ல பின் ஒன்றை எடுத்து ஒரு மாத்திரை டப்பாவில் தனியாக வைத்தாள். தினமும் ஒன்பது மணிக்கு, வேறு எதையும் அளப்பதற்கு முன்னால், அந்தப் பின்னை அளந்து நோட்டில் தேதியோடு எழுதுவாள். தினமும் பூஜ்யம்தான் வரும். கய்யூம் பாய் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்.

"இன்னா இன்ஜினியரம்மா, காலைல மாமியார் மூஞ்சில முழிச்சாச்சா? இன்னா சொல்லுது?"

"நல்ல மூடுல கீது பாய். பூஜ்யம்."

"அப்ப இன்னிக்கு நமக்கு திட்டு கெடையாது."

செப்டம்பர் கடைசியில் விஜயராகவன் சார் அவளைக் கூப்பிட்டு, பதினாறு வாரத்தையும் ஒழுங்காக முடித்தால் படிப்பு முடிந்ததும் இங்கேயே நிரந்தரமாக வந்துவிடலாம் என்றார். அன்று சாயங்காலம் அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். நான்தான் வேண்டாம், இன்னும் கையில் வரவில்லை என்றேன். கேட்கவில்லை.

அக்டோபர் 1, ஆயுத பூஜை. மிஷின்களைக் கழுவித் துடைத்து, அளவுக் கருவிகளை எல்லாம் பலகையில் வரிசையாக வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அங்கே வழக்கம். "இத்தனை வருஷம் ஆம்பளைகளே வச்சிண்டிருந்தோம். இந்தத் தடவை ஒரு பொண்ணு இருக்கா. நீயே வைம்மா" என்றார் விஜயராகவன் சார். ஷீலா ஒவ்வொன்றுக்கும் வைத்தாள். மாஸ்டர் பீஸை அதன் வெல்வெட் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அதற்கும் வைத்தாள்.

3ஆம் தேதி மறுபடி கம்பெனி திறந்தது. கழிவுப் பஞ்சால் பொட்டுகளை எல்லாம் துடைத்துவிட்டு வேலை ஆரம்பித்தாள். மாத்திரை டப்பாவிலிருந்த பின்னை வைத்தால் முள் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் எட்டில் நின்றது. நோட்டில் எழுதினாள்: மைனஸ் 8.

"பாய், மாமியார் எட்டு கம்மியா காட்டுது."

"தெனம் தொட்டுத் தொட்டு அளந்தா தேயாம இன்னா பண்ணும்? வுடு, வயசாய்டுச்சு."

இருவரும் சிரித்தார்கள். மாஸ்டர் பீஸுக்கு அளவு சரி என்று சர்டிபிகேட் இருக்கிறது, டப்பாவிலிருக்கிற பின்னுக்கு இல்லை. எதை நம்புவது என்பதில் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் மைனஸ் 8 என்றே எழுதினாள். எழுதினாளே தவிர, எழுதியதைப் பார்க்கவில்லை. கய்யூம் பாய், புதுப் பின்கள் எட்டு குறைவாகக் காட்டியதால், லீவுக்குப் பிறகு மிஷின் அப்படித்தான் இருக்கும் என்று அதைத் திருகி முள் பூஜ்யத்துக்கு வரும்படி செய்துகொண்டார்.

13ஆம் தேதி, திங்கட்கிழமை, லீவுக்குப் பிறகு செய்து அனுப்பிய நாலாயிரத்து இருநூறு பின்களும் திரும்பி வந்தன. பம்பு கம்பெனியில் எந்தத் துளைக்குள்ளும் ஒன்று கூட நுழையவில்லை. அங்கே தரம் பார்க்கிற மதுமதி மேடம் மறுநாள் நேரில் வந்து ஆர்டரை நிறுத்தப்போவதாகப் போன் வந்தது.

விஜயராகவன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. முதலில் கய்யூம் பாயிடம் போனார்.

"உனக்குக் கண்ணு போயிடுத்து கய்யூம். எத்தனை தடவை சொன்னேன், டெஸ்ட் பண்ணிக்கோன்னு? தீபாவளிக்கு அப்புறம் நீ வரவேண்டாம்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"ஷீலா, சீட்டுல கையெழுத்து உன்னோடது. அவன் தப்பா ஓட்டினான், நீ என்ன பார்த்தே? உன் காலேஜுக்கு நான் என்னன்னு எழுதறது?"

இன்னும் ஒன்பது வேலை நாள்தான் மிச்சம் இருந்தது. சர்டிபிகேட், வாக்குக் கொடுத்த வேலை இரண்டுமே போகப் பார்த்தன.

சாயங்காலம் ஆறே காலுக்கு அவள் என் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. நோட்டை எடுத்து ஜூலையிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து கேட்டாள்:

"அண்ணா, சந்தனம் காஞ்சிட்டா துணில தொடச்சா போய்டுமா?"

இது என் தொழில். கோயிலிலிருந்து நேராக எங்கள் கடைக்கு வருகிறவர்களின் மூக்குக் கண்ணாடியில் சந்தனம் இல்லாத நாளே கிடையாது. "போவாது. போன மாதிரி தெரியும். வெந்நீரும் சோப்பும் போட்டாத்தான் முழுசா வரும்" என்றேன். அன்று வந்திருந்த ஒரு லென்ஸைத் துணியால் துடைத்து, டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துக் காட்டினேன். மெல்லிசாக ஒரு படலம் தெரிந்தது.

அவள் லென்ஸை வாங்கி இரண்டு முறை சாய்த்துப் பார்த்தாள். "பாய் இல்லண்ணா. நான்தான்" என்றாள்.

மாஸ்டர் பீஸின் தலையில் எட்டு மைக்ரான் சந்தனம் இருந்தால், டயலின் பூஜ்யமே எட்டு மைக்ரான் மேலே போயிருக்கும். அதற்குச் சரியாகத் தேய்த்த பின்கள் எல்லாம் எட்டு மைக்ரான் தடித்திருக்கும். தேயாத மாமியார் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டில் அம்மா கேட்டுவிட்டுச் சட்டென்று சொன்னாள்: "நோட்டு உன்னாண்டதான கீது? அந்தப் பக்கம் கிழிஞ்சி பூட்டா யாருக்குத் தெரியப் போவுது? மாஸ்டர நீ பாட்டுக்குக் கழுவி வெச்சிடு."

"பாய் வேல பூடும்மா."

"அவுரு முப்பது வருசமா மிஷின் ஓட்றவரு. எங்க போனாலும் பொழச்சிப்பாரு. உனக்கு யாருடி கீறாங்க?"

"பொட்டு வெச்சது நானு. எழுதிட்டுப் பாக்காம வுட்டதும் நானு. அவுரு எதுக்கும்மா போவணும்?"

அம்மா சொன்னது எனக்கும் ஒரு நிமிடம் சரியாகத்தான் பட்டது. அதையும் எழுதிவிடுகிறேன்.

14ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு மதுமதி மேடம் வந்தார். விஜயராகவன் சார் காபி கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷீலா நோட்டோடு எழுந்து நின்றாள்.

"சார், தப்பு பாயோடது இல்ல. என்னோடது. அஞ்சு நிமிஷம் குடுத்தா காட்டிடறேன்."

முதலில் மாஸ்டர் பீஸை இருக்கிறபடியே வைத்துப் பூஜ்யம் செய்தாள். மாத்திரை டப்பாவைத் திறந்து பின்னை வைத்தாள். மைனஸ் 8. பிறகு, வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுபோயிருந்த வெந்நீரை ஊற்றி, சோப்புப் போட்டு மாஸ்டர் பீஸைக் கழுவினாள். ஸ்பிரிட்டால் துடைத்தாள். சூடு ஆறினால்தான் அளவு சரியாக வரும் என்று அரை மணி நேரம் எல்லோரையும் காக்க வைத்தாள். ஐந்து நிமிடம் என்று கேட்டவள் அரை மணி எடுத்துக்கொண்டாளே என்று நான் பின்னால் கேட்டேன். "அவசரப்பட்டுத்தான இவ்ளோவும் ஆச்சு" என்றாள்.

மறுபடி பூஜ்யம் செய்து அதே பின்னை வைத்தாள். முள் பூஜ்யத்தில் போய் நின்றது. திரும்பி வந்த பெட்டியிலிருந்து பத்துப் பின்களை வரிசையாக வைத்தாள். எட்டு, எட்டு, ஏழு, எட்டு. பத்துமே கூடுதல்.

மதுமதி மேடம் நோட்டைக் கேட்டு வாங்கி, ஜூலையிலிருந்து படித்தார்.

"மூணாம் தேதியே மைனஸ் எட்டுன்னு நீயே எழுதியிருக்க. அப்பவே ஏன் நிறுத்தல?"

"மாமியார் தேஞ்சிட்டாங்கன்னு நெனச்சிட்டோம் மேடம்."

"யாரு மாமியார்?"

கய்யூம் பாய் டப்பாவைக் காட்டி, "இவங்கதான் மேடம். கரெக்டாதான் சொல்லிக்கினு இருந்தாங்க. மருமவப் பொண்ணும் நானும்தான் காதுல வாங்கல" என்றார். மதுமதி மேடம் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் விஜயராகவன் சார் உட்கார்ந்தாராம்.

"மேடம், பின்னு சிறுத்துப் போயிருந்தா அத்தனையும் குப்பை" என்றார் பாய். "இது பெருத்துத்தான் கீது. இன்னொரு வாட்டி ஓட்னா எட்டும் எறங்கிடும். சனிக்கெழம வரைக்கும் டைம் குடுங்க."

அந்த நான்கு நாளும் பாய் ஓட்ட ஓட்ட ஷீலா அளந்தாள். பத்துக்கு ஒன்று பார்த்தால் போதும் என்பதுதான் அங்கே நடைமுறை. அவள் நாலாயிரத்து இருநூறையும் ஒவ்வொன்றாக அளந்தாள். கீறல் விழுந்த பதினேழை மட்டும் ஒதுக்கினாள். 18ஆம் தேதி சனிக்கிழமை மதியம் வண்டி கிளம்பியது. தீபாவளி முடிந்ததுமே பம்பு கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. ஒரு பின் கூடத் திரும்பவில்லை. தங்களுக்குப் பின் செய்து தருகிற எல்லாக் கம்பெனிகளும் இதுபோல ஒரு பின்னைத் தனியாக வைத்துத் தினமும் அளக்க வேண்டும் என்று மதுமதி மேடம் கடிதமே போட்டிருந்தார்.

விஜயராகவன் சார் கய்யூம் பாயின் மிஷினுக்குப் பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் பேசினது தப்பு கய்யூம்" என்றார். "கண்ண டெஸ்ட் பண்ணிட்டேன் சார், நல்லாத்தான் கீது" என்றார் பாய். டெஸ்ட் செய்தது எங்கள் கடையில்தான். அட்டை என்னிடம் இருக்கிறது.

அக்டோபர் 24 அன்று ஷீலாவுக்குச் சர்டிபிகேட் கிடைத்தது. அச்சடித்த வரிகளுக்குக் கீழே முதலாளி தன் கையால் எழுதியிருந்தார்: "தன் தவறைத் தானே கண்டுபிடித்து, தானே சொல்லி, தானே சரிசெய்தாள்." நவம்பரில் நடந்த வாய்மொழித் தேர்வில், நாலு மாதத்தில் என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டதற்கு, அவள் நோட்டை மேசைமேல் வைத்துச் சந்தனத்திலிருந்து ஆரம்பித்தாளாம். பத்து நிமிடத் தேர்வு முக்கால் மணி நேரம் நடந்தது. வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். வெளியே வந்த பூஜா, "எனக்கு ரெண்டாவது கேள்விலயே புட்டுக்கிச்சிடி" என்றாள்.

படிப்பு முடிந்து ஜூன் 1 அன்று வேலையில் சேர்ந்தாள். அன்று அம்மாவையும் என்னையும் உள்ளே கூட்டிப்போனாள். அளவு பார்க்கும் அறைச் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு தாள் மாட்டியிருந்தது. பூஜை நாட்களில் பொட்டு பெட்டிகளுக்கு மட்டும், கருவிகளுக்கு இல்லை. தனிப் பின்னின் அளவு மாறினால் வேலையை உடனே நிறுத்த வேண்டும். கீழே, எழுதியவர்: மு. ஷீலா. தேதி அக்டோபர் 22. அவள் அப்போது அங்கே மாணவிதான்.

நான் அந்தத் தாளை மூன்று முறை படித்தேன். பிழை எதுவும் இல்லை.

கய்யூம் பாய் ஒரு சின்ன வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் திறந்தார். மாத்திரை டப்பாவிலிருந்த அதே பின். இப்போது அதற்கு நம்பர் பொறித்திருந்தது.

"இன்னா பாய் இது?" என்றாள் அம்மா.

"உங்க பொண்ணோட மாமியாரும்மா."

அம்மா குனிந்து பார்த்தாள். தொடக் கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டாள்.

"நல்லா கீறாங்க. வர பூஜைக்கு இவங்களுக்கு யாரும் பொட்டு கிட்டு வெச்சித் தொலைக்காதீங்க."