ஐம்பத்தேழு அடி

நோர்வேயில், எல்லிங்ஸ்ருட் அடுக்குமாடியில் குடியிருந்த சிறிதேவிக்குச் சனிக்கிழமை பின்னேரம் ஒரு வேலை இருந்தது. பல்கனிக் கதவை இறுக்கிச் சாத்துவாள். குசினியில் புகை இழுக்கும் விசிறியை முழு வேகத்தில் போடுவாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய புருசன் பாலேந்திரன் மகளுக்கு அடிப்பான்.

மகள் கம்சிகாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே பல்கலைக்கழகப் புள்ளி வாங்கித் தரும் கணிதச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்குச் சனி ஒரு பழைய சோதனைத்தாள். நூற்றுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை அடி, அகப்பைக் காம்பால். யாழ்ப்பாணத்து ரியூசனில் பாலேந்திரன் இப்படித்தான் படித்தானாம். படித்துக் கிழித்து இப்போது பண்டசாலையில் பெட்டி அடுக்குகிறான். அதை அவனிடம் யார் சொல்வது?

சிறிதேவி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். யார் பெற்ற கிழவர்களையோ அலுங்காமல் குலுங்காமல் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள், தான் பெற்ற பிள்ளையின் முதுகு வீங்கக் கதவு சாத்தினாள். அயலுக்குக் கேட்டால், பிள்ளைகள் பாதுகாப்புப் பகுதியான பார்னவார்ன்காரர் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். பிள்ளைக்கு நோகுமே என்பதைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. வெட்கக்கேடு, வேறென்ன.

முதல் தாளுக்கு முப்பத்தெட்டு அடி. இரண்டாவதுக்கு நாற்பத்தொன்று, காம்பு முறிந்து புதுக்காம்பு வந்தது. மூன்றாவதுக்கு ஆறு. நாலாவதுக்கு நாலே நாலு.

"பாத்தியே, அடிச்சால்தான் மண்டையில ஏறும். பிள்ளை றெடி," என்று பாலேந்திரன் நெஞ்சை நிமிர்த்தினான்.

சோதனைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மேசை துடைக்கப்போன சிறிதேவி அந்தக் கடைசி இரண்டு தாளையும் புரட்டிப் பார்த்தாள். ஊரில் உயர்தரத்தில் கணிதம் படித்தவள் அவள். ஒரு வெட்டு இல்லை, ஒரு திருத்தம் இல்லை. மெய்யாகக் கணக்குச் செய்கிறவள் எங்காவது ஓரிடத்தில் எழுதி வெட்டித் திருத்துவாளே! மகளைக் கூப்பிட்டாள்.

"எதைப் பாத்து எழுதினனீ?"

"விடையெல்லாம் இன்ரநெற்றில கிடக்கம்மா. ரெண்டு மூண்டை வேணுமெண்டு பிழைவிட்டனான். வேற என்ன செய்ய? எனக்குக் கை தூக்கேலாமல் போட்டுது."

அடுத்த சனி, போன வருடம் அந்தச் சோதனை எழுதிய மிதுனாவிடம் கேட்டு, விடை இன்ரநெற்றில் இல்லாத தாளொன்றைச் சிறிதேவி வாங்கி வந்தாள். மகளின் போனைப் பறித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டாள். மணிக்கூடு வைத்து நாலு மணித்தியாலம். திருத்தியதும் சிறிதேவிதான். நாற்பத்துமூன்று.

வேலையால் வந்த பாலேந்திரன் தாளைப் பார்த்தான். முகம் கறுத்தது.

"ஐம்பத்தேழு," என்றபடி காம்பை எடுத்தான். "கதவைச் சாத்தடி."

சிறிதேவி பல்கனிக் கதவை அகலத் திறந்துவிட்டாள். மகளை அறைக்குள் தள்ளி, அறை வாசலை மறித்து நின்றாள்.

"என்னில தொடங்குங்கோ."

முதல் அடி தோளில் விழுந்தது. அவள் முற்றம் முழுக்கக் கேட்கும்படி நோர்வே மொழியில், ஒன்று, என்று கத்தினாள். அடுத்தது காதோடு. இரண்டு! கீழே விளையாடிய பிள்ளைகளின் சத்தம் நின்றுவிட்டது. அவன் வெறி பிடித்து விளாசினான். உதடு கிழிந்து இரத்தம் வாய்க்குள் போனது. அவள் துப்பிவிட்டு எண்ணினாள். ஒன்பதில் வாசற்கதவை யாரோ உதைத்தார்கள்; ஓங்கிய காம்பு அப்படியே நின்றது. மேல்வீட்டு டெனிஸ், பொலிசுக்கு அறிவித்துவிட்டேன் என்று வெளியில் நின்று கத்தினான்.

பொலிஸ் பாலேந்திரனைக் கொண்டுபோனது. ஒரு பொலிஸ்காரி மட்டும் வாக்குமூலம் எழுதுவதற்கு நின்றாள். கம்சிகா அம்மாவின் உதட்டில் ஐஸ் வைத்து அழுத்தினாள்.

"அம்மா, நான் சோதனைக்குப் போகட்டே?"

"நாப்பத்துமூண்டு காணாது, பிள்ளை. இந்த முறை வேண்டாம். ஆனால் அது உன்ர சொந்த நாப்பத்துமூண்டு. அதிலயிருந்து தொடங்குவம்."

எத்தனை அடி விழுந்தது என்று பொலிஸ்காரி கேட்டாள். பார்னவார்ன்காரர் படிக்கப்போகிற கடதாசி அது என்பது சிறிதேவிக்குத் தெரியும்.

"எனக்கு ஒன்பது," என்றாள். "பிள்ளைக்கு எண்பத்தொன்பது. அவ்வளவுக்கும் கதவைச் சாத்தினது நான். அதையும் எழுதுங்கோ."