பொத்தான் டப்பாவில் ஜப்பானிய மொழி

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் தையல்காரியின் கண் அவளைக் கைவிட்டது. துணி தெரிந்தது, கிழிசல் தெரிந்தது. ஊசியின் காது மட்டும் எங்கே என்று தெரியவில்லை. டாக்டர்களின் கோட்டுக்குப் பொத்தான் வைப்பதும், நோயாளிகளின் அங்கிக்கு நாடா தைப்பதும் கைவேலை. ஒரு ஊசி கோக்க அவள் கால் மணி நேரம் மல்லுக்கட்டினாள். கண் மங்கிவிட்டது என்று தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருநாள் காலையில் வந்து பார்த்தால், ஊசி குத்தி வைக்கும் பஞ்சுப் பொதியில் பன்னிரண்டு ஊசிகள் கோத்தபடி நின்றன. எட்டில் வெள்ளை நூல், நான்கில் பச்சை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கடவுள்தான் யாரையோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் நூல்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பன்னிரண்டு நூலும் ஒரே நீளம். நுனிகூட முன்னே பின்னே இல்லை. அந்தச் சுத்தம் அந்தக் கூடத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு.

அவளை எல்லாரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் மடித்த விரிப்புகளை நூறு அடுக்கினாலும் அடுக்கு சுவர் மாதிரி நிற்கும். ஈரமான விரிப்புகளைச் சூடான பெரிய உருளைக்குள் கொடுப்பதும், மறுபக்கம் உலர்ந்து வருவதை வாங்கி மடிப்பதும் அவள் வேலை. ஊசி விஷயத்தை அவளும் பேசவில்லை, தையல்காரியும் கேட்கவில்லை. சிலருக்குக் கடவுள் வாயைக் குறைத்துக் கையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்.

அப்படிப்பட்ட மடிப்பக்காதான் நாற்பத்தேழு வயதில் ஜப்பானிய மொழி பேசப் புறப்பட்டாள்.

அவளுக்கு இருந்தது ஒரே தங்கை. கல்யாணமாகிப் புருஷனோடு ஜப்பான் போனவள், மூன்று வாரக் காய்ச்சலில் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அம்மாவோடு தமிழ் பேசி வளர்ந்த குழந்தை, அம்மா போன நாளிலிருந்து தமிழை விட்டுவிட்டது. யாராவது தமிழில் பேசினால் காதைப் பொத்திக்கொள்ளும். அப்பாவிடம்கூட ஜப்பானிய மொழியில்தான், அதுவும் இரண்டு வார்த்தை.

அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர். "அக்கா, ராத்திரி ஷிப்ட் வந்தா இவளைத் தனியா விட முடியல," என்று போனில் அழாத குறையாகச் சொன்னார். "ஏப்ரல்ல இங்க பள்ளிக்கூடம் திறக்கும். அப்போ விடுதியில சேத்துடலாம்னு இருக்கேன். நீங்க வந்து இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா அவ தமிழே கேக்க மாட்டேங்கறா. பேச்சே இல்லாம ரெண்டு பேரும் எப்படி இருப்பீங்க?"

"நான் அவ பாஷையைக் கத்துக்கறேன் மாப்பிள்ளை. விடுதிக்கு எழுதிக் கொடுத்துடாதீங்க."

அது அக்டோபர் மாதம். மடிப்பக்கா பழைய புத்தகக் கடைக்குப் போய், ஜப்பானிய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில், தமிழ் அர்த்தத்தோடு அச்சடித்த ஒரு புத்தகத்தை வாங்கி வந்தாள். இருபத்தாறு பாடம். கடைசிப் பக்கங்களில் அந்த ஊர் எழுத்துகளும் இருந்தன. "எனக்கு எதுக்கு அது? நான் என்ன கடுதாசியா போடப் போறேன், பேச்சு போதும்," என்று அந்தப் பக்கங்களைத் திருப்பியும் பார்க்கவில்லை.

தினமும் பிரார்த்தனை சொல்லும் பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. முதல் சொல்லில் தொடங்கினால் கடைசிச் சொல் வரை தடங்கல் இல்லாமல் ஓடும். பாடம் படிக்க அவளுக்குத் தெரிந்த வழியும் அதுதான். உருளை சுற்றச் சுற்ற, புத்தகத்தை முதல் வரியிலிருந்து முணுமுணுத்தாள். நவம்பர் மாதத்துக்குள் ஒன்பது பாடம் மனப்பாடம். நடுவில் யாராவது கூப்பிட்டால் மட்டும் அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேநீர் இடைவேளையில் தையல்காரியின் மேசைமேல் பொத்தான் டப்பாவைச் சாய்த்து, அதில் போனை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏது ஞாயிறு? திரையில் குழந்தையின் பாதி முகம் தெரிந்தது. மடிப்பக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். தொடங்கினாள்.

நன்றாகத்தான் சொன்னாள். தையல்காரிக்கே பெருமையாக இருந்தது. குழந்தை நடுவில் ஏதோ கேட்டது. மடிப்பக்கா திகைத்தாள், அறுந்தது, மறுபடி முதலிலிருந்து வந்தாள். குழந்தை ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டியது. படத்துக்குக் கீழே அவர்கள் எழுத்தில் ஒரு வரி. மடிப்பக்காவுக்கு அது கோழி கிளறியது மாதிரி இருந்தது. விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். முடித்துவிட்டுப் பார்த்தால் திரையில் வெறும் நாற்காலி.

அப்பா வந்து உட்கார்ந்தார். "அக்கா... அவ எழுந்து போயிட்டா."

"தப்பாப் பேசிட்டேனா?"

"தப்பு இல்லக்கா. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேட்டா. நீங்க, நான் ஒரு கம்பெனி ஊழியர், தங்கள் விசிட்டிங் கார்டைத் தயவுசெய்து தருகிறீர்களான்னு கேட்டீங்க. ரெண்டு தடவை."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மடிப்பக்கா சிரிக்கவில்லை. "அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருந்தது?"

"தெரியலக்கா, மடிச்சு வச்சுக்கிட்டா. இப்பல்லாம் அவ வாயால சொல்றதைவிட எழுதிக் காட்டுறதுதான் அதிகம்."

அன்றைக்கு மடிப்பக்கா இன்னொரு தப்பு செய்தாள். முன்னதைவிடப் பெரிய தப்பு. "புத்தகம் முழுசும் முடிச்சுட்டுத்தான் இனிமே அந்தப் புள்ள முன்னாடி நிப்பேன்," என்று முடிவு கட்டினாள். அரைகுறையாகப் பேசி மறுபடி அவமானப்பட அவளுக்கு மனசு இல்லை. மாப்பிள்ளை கூப்பிட்டால், "இன்னும் நாலு பாடம்தான்," என்பாள். இன்னொரு புத்தகமும் வாங்கினாள். அது வேறு மாதிரி சொல்லிக் கொடுத்ததில் முதல் புத்தகமும் குழம்பியது. ஏழு ஞாயிறு இப்படியே போயிற்று.

ஜனவரியில் மாப்பிள்ளையே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "அக்கா, விடுதிக்கு விண்ணப்பப் பாரம் வந்திருக்கு. பிப்ரவரி கடைசிக்குள்ள கொடுக்கணும். இன்னொண்ணு... நேத்து இவ என்கிட்ட, பெரியம்மாவும் செத்துட்டாங்களான்னு கேட்டா."

போனை வைத்துவிட்டு மடிப்பக்கா உருளைப் பக்கம் போகவில்லை. ஈர விரிப்பு மூட்டைமேல் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். அவள் ஆண்டவனிடம் கேட்கிறாள் என்று தையல்காரிக்குத் தெரியும். சத்தம் போடாமல் அவளும் கூடக் கேட்டாள். பிறகு மடிப்பக்கா எழுந்து வந்து கையை நீட்டினாள்.

"உன் கத்தரியைக் குடு."

"எதுக்குக்கா?"

"குடுன்னா."

புத்தகத்தை எடுத்து வரி வரியாக நறுக்கினாள். தையல்காரி பதறிப்போனாள். "ஐயையோ, என்னக்கா பண்ற! மூணு மாசம் கண்ணு முழிச்சுப் படிச்சது!"

"வரிசையாப் படிச்சேன் பாரு, அதான் வினை. குழந்தை என்ன பாடம் ஒண்ணு, பாடம் ரெண்டுன்னா கேட்டுக்கிட்டு வரும்? அது எங்கேருந்து கேட்டாலும் எனக்கு வாய் வரணும்."

விசிட்டிங் கார்டு, வங்கி, கம்பெனி, ஓட்டல் அறை எல்லாம் குப்பைக்கூடைக்குப் போயின. பசி, தூக்கம், பூனை, மழை, வலிக்கிறதா, வேண்டாம், தெரியவில்லை, மறுபடி சொல் என்று குழந்தையோடு புழங்குகிற வரிகள் மட்டும் பொத்தான் டப்பாவுக்குள் விழுந்தன. பொத்தான்கள் ஒரு கிண்ணத்துக்குக் குடிமாறின.

"இதுல கைவிட்டு ஒண்ணை எடு. தமிழ் அர்த்தத்தை மட்டும் படி. நான் விரிப்பை உள்ள கொடுப்பேன். அது அந்தப் பக்கம் வெளிய வர்றதுக்குள்ள நான் ஜப்பான் பாஷையில சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"திரும்ப டப்பாவுல போடு. விடாதே."

தையல்காரிக்கு அந்தப் பொடி எழுத்தைப் படிப்பது பெரும்பாடு. சீட்டைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். மடிப்பக்கா அதைப் பார்த்தாள். மறுநாள் எல்லாச் சீட்டிலும் தமிழ் வரி பெரிய பெரிய எழுத்தில் திருத்தி எழுதியிருந்தது.

"வயிறு வலிக்குதா?" என்பாள் தையல்காரி. விரிப்பு உள்ளே போகும். மடிப்பக்கா வாயைத் திறந்து மூடுவாள். விரிப்பு ஆவியோடு வெளியே வந்து விழும். "போச்சு," என்று சீட்டு டப்பாவுக்குள் போகும். முதல் நாள் நாற்பது விரிப்பில் ஆறுதான் தேறியது. மேற்பார்வையாளர் கதவருகே நின்று பார்த்தார்.

"என்னம்மா இது, சலவைக் கூடமா, டோக்கியோ ரேடியோவா?"

"ரேடியோதான் சார். விரிப்பு ஏதாவது குறைஞ்சிருக்கா?"

எண்ணிப் பார்த்தார். குறையவில்லை. போய்விட்டார்.

எழுத்துக்கு வேறு வழி கண்டாள். டாக்டர் கோட்டுகளைக் கையால் இஸ்திரி போடும்போது, விரலைத் தண்ணீரில் நனைத்துத் துணிமேல் ஒரு எழுத்தை எழுதுவாள். பெட்டியை ஓட்டினால் எழுத்து உஸ் என்று காய்ந்து மறையும். சரியோ தப்போ தடயம் இல்லை. மறுபடி நனை, மறுபடி எழுது. நாற்பத்தாறு எழுத்தும் எத்தனை டாக்டர்களின் முதுகில் ஏறி இறங்கினவோ, அவர்களுக்குத் தெரியாது.

ஞாயிறுகளை இனிமேல் விடவில்லை. தெரிந்தது மூன்று வாக்கியம் என்றாலும் மூன்றோடு போய் நின்றாள். முதல் ஞாயிறு குழந்தை ஏதோ கேட்டது. மடிப்பக்கா, "தெரியல. மறுபடி சொல்லு," என்றாள் அதன் பாஷையில். குழந்தை ஒரு நிமிஷம் அவளை உற்றுப் பார்த்தது. பிறகு மெதுவாக மறுபடி சொன்னது. அவ்வளவுதான் அன்றைக்கு. மடிப்பக்கா மத்தியானம் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். "பாத்தியா, எழுந்து போகல!"

பிப்ரவரி கடைசி ஞாயிறு. பாரம் கொடுக்க இரண்டு நாள்தான் இருந்தது. குழந்தை பழைய காகிதத்தைத் தூக்கிக் காட்டியது. நவம்பரில் காட்டிய அதே படம். ஒரு பெரிய பெண், ஒரு சின்னப் பெண். மடிப்பக்கா கீழே இருந்த வரியை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்னக்கா?" என்று கிசுகிசுத்தாள் தையல்காரி.

"அம்மா சின்னப் பிள்ளையா இருக்கச்சே எப்படி இருந்தாங்கன்னு கேட்டிருக்கா. இத்தனை நாளா காத்துக்கிட்டு இருக்கா."

அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. டப்பாவில் அதற்குச் சீட்டு கிடையாது. மடிப்பக்கா ஒரு முறை மேலே பார்த்தாள். பிறகு தெரிந்த ஜப்பானியச் சொற்களை வைத்துத் தொடங்கினாள்.

"அம்மா. சின்ன. பூனை மேலே. கூரை மேலே. அம்மாவும் மேலே."

குழந்தை இமைக்காமல் பார்த்தது.

"பூனை கீழே. அம்மா..." சற்று நிறுத்தினாள். "அம்மா மேலே!"

குழந்தையின் உதட்டோரம் அசைந்தது. "சொரே கரா?" என்றது. அப்புறம் என்று கேட்கிறது.

"அம்மா அழுகை. பெரிய அழுகை. நான்..." ஏணிக்கு அந்த ஊரில் என்ன சொல்வார்கள்? தெரியாது. மடிப்பக்கா ஸ்டூலை இழுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறினாள். மேலிருந்து மியாவ் என்றாள், அதுவும் தங்கை அழுத மாதிரி. அந்த நேரம் பார்த்து மேற்பார்வையாளர் உள்ளே வந்தார். பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார்.

போனில் குழந்தை சிரித்தது. சத்தமாக, பல் தெரிய. சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு சொல்லைச் சொல்லி, விரலால் படிப்படியாக ஏறிக் காட்டியது. ஏணிக்குச் சொல் அது. மடிப்பக்கா ஸ்டூல்மேல் நின்றபடியே திருப்பிச் சொன்னாள். குழந்தை தலையாட்டி, "அப்படியில்ல," என்று தன் பாஷையில் திருத்தியது. மறுபடி சொன்னாள். மறுபடி திருத்தியது. நாலாம் தடவை சரி என்றது. உடனே, "சொரே கரா?"

அன்று சாயந்திரம் மாப்பிள்ளை கூப்பிட்டார். "அக்கா, நீங்க பேசற மாதிரியே சமையலறையில பேசிக் காட்டிச் சிரிக்கறா. உங்க பேச்சுல பத்துக்கு எட்டு தப்பாம்."

"சிரிக்கட்டும். பாரம் என்னாச்சு?"

"கிழிச்சுட்டேன். மூணு மாச விசாவுக்குக் காகிதம் அனுப்பறேன். முதல்ல வாங்க, மத்ததைப் பிறகு பாத்துக்கலாம்."

மார்ச் கடைசியில் ஒரு காலை, ஆஸ்பத்திரி வாசலில் விமான நிலையம் போகும் பஸ்ஸுக்காக இரண்டு பேரும் நின்றார்கள். ஒரு பெட்டி, ஒரு துணிப்பை. பைக்குள் பொத்தான் டப்பா. தையல்காரி அதை அவளுக்கே கொடுத்துவிட்டாள். வழியில் சீட்டெடுத்துப் படிக்க ஆள் இல்லையே என்றுதான் அவளுக்குக் கவலை. பஸ் வந்தது. மடிப்பக்கா ஏறிப் படியில் நின்றுகொண்டு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தாள்.

"பஞ்சுப் பொதியில அறுபது ஊசி கோத்து வச்சிருக்கேன். அது தீர்றதுக்குள்ள கண்ணு தெரியலைன்னு மேற்பார்வையாளர்கிட்டச் சொல்லிடு. ஒண்ணும் அனுப்பிட மாட்டார், நான் கேட்டுட்டேன். ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கடி. ஜப்பான்லேருந்து எட்டி எட்டி என்னால ஊசி கோக்க முடியாது."