மேஸ்திரிக்கு வந்த தும்மல்

பூனை திடீரென்று விடாமல் தும்மினால் அதற்கு என்ன காரணம்? கீழ் மாடியில் குடியிருக்கும் என்னை மாடிப்படியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திப் பொத்தான் அக்கா இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பூனையின் பல்லைப் பற்றிப் படித்திருந்தேன். தும்மலைப் பற்றி ஒரு வரி படித்ததில்லை. பிறகு அக்கா விசாரித்துப் பதிலைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த விதத்தையும் அதனால் அவருக்கு வந்த வினையையும் இங்கே எழுதுகிறேன்.

அக்காவின் வேலை சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பது. தையல் கம்பெனி வண்டி காலையில் மூட்டையை இறக்கும். மறுநாள் வந்து எடுத்துப் போகும். கணவர் லாரி ஓட்டுகிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து, குளித்து, தூங்கி, கிளம்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் மூன்றாவது மாடியில் ஓர் அறை, சட்டை மூட்டை, ஒரு சாம்பல் நிறப் பூனை. எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேஸ்திரி என்று பெயர்.

அந்த வீட்டில் நாய், பூனை கூடாது. சாவி கொடுத்த அன்றே வீட்டுக்காரம்மா அடித்துச் சொல்லிவிட்டார். அக்கா தலையாட்டினார். மேஸ்திரி அப்போது துணிக்கூடைக்குள் இருந்தது.

முற்றத்தைப் பார்த்த இரண்டு ஜன்னலையும் அன்றே சாத்தினார். கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டினார். கதவிடுக்கில் பழைய துணியைத் திணித்தார். முதலில் அவ்வளவுதான். வெயில் காலம் வந்ததும் வாடை கீழே போய்விடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. பூனை வெளிக்குப் போகும் மண் தட்டில் வாசனைப் பவுடர் தூவினார். காலையும் மாலையும் எலுமிச்சை ஸ்பிரே அடித்தார். போதாததற்குக் கொசுவத்தி வேறு. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுத்தான் ஊசியில் நூல் கோத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மேஸ்திரி தும்மியது. ஒன்றல்ல, வரிசையாக ஏழு. ஏழாவது முடியவும் படியில் வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது.

"ஏம்மா, யாரு இப்படித் தும்முறது?"

அக்காவுக்கு முழி பிதுங்கியது. "நாந்தாம்மா!" என்று கத்தினார். நம்ப வேண்டுமே என்று தொண்டை கிழிய இன்னொரு தும்மலும் போட்டார்.

"அம்மாடி! லாரியே ஹாரன் அடிச்ச மாதிரி இருக்கு. இரு, மாத்திரை கொண்டுவரேன்."

அதோடு மாட்டிக்கொண்டார். மேஸ்திரி தும்மும்போதெல்லாம் அக்காவும் தும்ம வேண்டியதாயிற்று. மூன்று நாளில் தொண்டை கட்டிவிட்டது. கணவரிடம் போனில் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"யாருகிட்டயாவது குடுத்துட்டு நிம்மதியா இரேன். அது என்ன, பெத்த புள்ளையா?"

அக்கா போனை வைத்துவிட்டார். நாள் முழுக்கத் தன் பேச்சைக் கேட்க அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

நான்காம் நாள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தின் மறைவில் கால்நடை மருத்துவரிடம் பேசினார்.

"சாப்பிடுதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"நல்லாச் சாப்பிடுது."

"மூக்குல மஞ்சளாவோ பச்சையாவோ சளி வருதா? ரத்தம்? வாயத் திறந்துட்டு மூச்சு விடுதா?"

"அதெல்லாம் இல்லீங்க. தும்மல் மட்டுந்தான்."

"ரூம்ல பவுடர், புகை, வாசனை ஏதாவது?"

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜன்னல் விஷயத்தையும் சொன்னார்.

"ஏங்க, அந்த ரூமுக்குள்ள நீங்க தும்மாம இருக்கறதுதான் அதிசயம். பூனைக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. எல்லாத்தையும் நிறுத்திட்டு முதல்ல ஜன்னலத் திறங்க. ரெண்டு நாள்ல குறையலேன்னாலோ, சாப்பிடாமக் கெடந்தாலோ உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

ஜன்னலைத் திறந்தால் பூனை விளிம்பில் ஏறி உட்காரும். கீழே முற்றத்தில் எப்போதும் வீட்டுக்காரம்மா இருப்பார்.

சனிக்கிழமை அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து அக்கா ஜன்னலைத் திறந்தார். மேஸ்திரி விளிம்பில் தாவி, காற்றை மோந்து பார்த்து, அங்கேயே தூங்கிப்போனது. இரண்டு மணி நேரம், ஒரு தும்மல் இல்லை. கேட் சத்தம் கேட்டதும் அக்கா ஜன்னலைச் சாத்தினார். பழக்கத்தில் கை தானாகப் போய் ஸ்பிரேயையும் அடித்துவிட்டது. மேஸ்திரி நான்கு முறை தும்மியது.

இந்த முறை அக்கா சேர்ந்து தும்மவில்லை. ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

"அம்மா, இத்தன நாளாத் தும்முனது நான் இல்ல. என் பூனை."

வீட்டுக்காரம்மா காய்கறிப் பையைக் கீழே வைத்தார். "எத்தன நாளா இருக்கு?"

"வந்த நாள்லேருந்து. எட்டு மாசம்."

"என் மாத்திரையையும் வாங்கிக்கிட்டியே?"

"ஒண்ணுகூடத் திங்கலம்மா. பத்திரமா இருக்கு."

"இப்ப அதுதான் ரொம்ப முக்கியம்! என் பேரனுக்குப் பூனை முடி பட்டா மூச்சு இழுக்கும்மா. ஞாயித்துக்கெழமை வந்தா இந்தப் படியிலதான் ஓடியாடுறான். நான் என்ன வீம்புக்கா சொன்னேன்?"

அக்காவுக்கு அது தெரியாது. ஏன் கூடாது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"வேற வீடு பாரும்மா," என்றார் வீட்டுக்காரம்மா. கோபம் இறங்கிச் சோர்வாக இருந்தது குரல். "ரெண்டு மாசம் தரேன். அதுவரைக்கும் ஜன்னலத் திறந்து வை. பேரன் வர்றப்ப கதவ மட்டும் சாத்திக்க."

மேஸ்திரி இப்போது தும்முவதில்லை. அக்கா ஆறு வீடு பார்த்துவிட்டார். ஆறு இடத்திலும் பூனை இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னார்; ஆறு பேரும் முடியாது என்றார்கள். இன்னும் பத்தொன்பது நாள்தான் மிச்சம்.

படிக்கிறவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். பூனை வளர்ப்பவர்கள் வீட்டில் ஒரு ஜன்னலாவது திறக்கட்டும். வாடகைக்கு அறை வைத்திருப்பவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். "பூனையோடயே வாங்க" என்று சொல்லக்கூடிய ஒருவர் காதில் விழுந்தால் போதும்.