அரிசி டிரம்மில் ஒரு சுருட்டு

சுருட்டு சேர்க்கிறேன் என்று சொன்னால் தஞ்சாவூரில் முதலில் சிரிப்பார்கள், பிறகு வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார்கள். தபால்தலை சேர்க்கலாம், பழைய காசு சேர்க்கலாம். சுருட்டு கொளுத்திக் குடிப்பதற்கு. அதை டப்பாவில் வைத்து, வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்துவிட்டு மறுபடி மூடுகிறவனை என்னவென்று சொல்வது? நான் அந்த ஆள்தான். மூடியைத் திறந்ததும் வருகிற முதல் வாசனைக்கு இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது.

பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சந்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். புதுத் திரையை ஒட்டிவிட்டுப் பசை காயக் காத்திருக்கும் நேரத்தில் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒருநாள், எந்த நாட்டுக்காரரோ, தன் சுருட்டு அலமாரியைத் திறந்து காட்டும் வீடியோ கண்ணில் பட்டது. தட்டுத் தட்டாகச் சுருட்டு. ஒவ்வொன்றின் இடுப்பிலும் வண்ணக் காகித வளையம். இது எந்த ஊர் இலை, எந்த மண், எத்தனை வருடமாக உள்ளே கிடக்கிறது என்று பெற்ற பிள்ளைகளை அறிமுகப்படுத்துவது போல அவர் சொல்லிக்கொண்டே போனார். நெல்லில் இத்தனை ரகம் பார்த்து வளர்ந்தவன் நான். புகையிலையிலும் ரகம் உண்டு, மண் உண்டு, பட்டம் உண்டு என்று தெரிந்தபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று ஒட்டிய திரையை மறுநாள் கழற்றி மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது.

அவருடைய அலமாரியில் ஒரு தட்டை நிரப்ப வேண்டுமென்றால் நான் கடையை விற்க வேண்டும். அதனால் என் தகுதிக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டியாக வாங்குவதில்லை, ஒற்றை ஒற்றையாகத்தான். பழகுவதற்கு நம் பக்கத்துச் சரக்கு போதும். உதிரிபாகம் வாங்கத் திருச்சிக்குப் போகும்போதெல்லாம் ஒரு கட்டு உறையூர்ச் சுருட்டு வந்துவிடும். டீக்கடைப் பக்கம் சில மாதம் தலைவைத்துப் படுக்காமல் இருந்தால், சென்னைக்குப் போகிற நண்பர் மிச்சமான காசுக்கு ஒரு வெளிநாட்டுச் சுருட்டோடு திரும்புவார். நுனியை வெட்டுவதற்கு விலை உயர்ந்த கத்திரியெல்லாம் விற்கிறார்கள். வீட்டுப் பாக்குவெட்டி அதைவிடச் சுத்தமாக வெட்டும். பெட்டிக்கு, ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான மூடியோடு மனைவியின் முறுக்கு டப்பா இருந்தது.

"முறுக்க எங்கங்க வக்கிறது?" என்று அவள் கேட்டாள். நான் காது கேளாதவன் போல இருந்துவிட்டேன். வீட்டுக்குள் புகை வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதை மட்டும் மீறியதில்லை. மாதம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வெண்ணாற்றுக் கரையில், அவ்வளவுதான்.

ஓர் ஐப்பசியில் துபாயிலிருந்து வந்த மச்சான், மனைவியின் தம்பி, என் கையில் ஒரு சுருட்டைக் கொடுத்தார். கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம். மேல் இலையில் நரம்பே தெரியவில்லை, எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு, சிவப்பும் தங்கமுமாக ஒரு வளையம். என் டப்பாவில் இருந்த அத்தனையையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. உடனே கொளுத்த மனம் வரவில்லை. நல்ல சுருட்டு ஒரு வருடம் கிடந்தால் ருசி கூடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். சரி, கிடக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் என் புத்தி டெல்டா புத்தியாகிவிட்டது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்பளம் நமுத்தது, தீக்குச்சி உரசினால் பற்றவில்லை, துவைத்த சட்டை மூன்றாம் நாளும் ஈரமாகவே இருந்தது. ஈரம் என்றால் எங்கள் வீட்டில் பயம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று நெல்லைத் திருப்பிவிட்டால், அப்பா தார்ச்சாலையில் மறுபடி கொட்டிக் காயவைத்து மூட்டைக்குக் காவல் இருப்பார். என் கடைக்கோ வாய்க்காலில் விழுந்த போன்கள் வரும். "அரிசியில போட்டு வைங்க, ஈரத்த இழுத்துக்கும்" என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதையேதான் என் சுருட்டுக்கும் செய்தேன். டப்பாவில் இருந்த எல்லாவற்றையும் வேட்டித் துணியில் சுற்றி, பச்சரிசி டிரம்முக்குள் ஆழமாகப் புதைத்தேன். பத்திரமாக வைத்துவிட்டோம் என்று அத்தனை பெருமை.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை வாயில் வைத்த மனைவி அப்படியே நிறுத்தினாள்.

"என்னங்க இது, பொங்கல்ல பொயல வாசன அடிக்குது?"

ஓடிப்போய் டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டு மூட்டையை எடுத்தேன். பிரிக்கும்போதே மொறுமொறுவென்று சத்தம். சுருட்டுக்கு ஈரம் வேண்டும். கொஞ்சம், ஆனால் எப்போதும் வேண்டும். அது இருந்தால்தான் இலை இளகி இருக்கும், நிதானமாக எரியும். அரிசி அதை மொத்தமாக உறிஞ்சிவிட்டது. மச்சான் கொடுத்த சுருட்டின் மேல் இலை தலையிலிருந்து பாதிவரை வெடித்திருந்தது. முகர்ந்தேன், வைக்கோல் வாசனைதான் வந்தது. அழுகை வரும்போல இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

"செத்துப்போச்சுங்க. தூக்கிப் போடுங்க" என்றாள் மனைவி.

"இல்ல, எழுப்பிடலாம்."

"எழுப்பிக் காட்டுங்க. அது உசுரோட இருக்குன்னு தெரிஞ்சா இந்த டப்பா இங்க இருக்கட்டும். இல்லன்னா எல்லாத்தையும் வாய்க்கால்ல விட்டுட்டு எனக்கு என் டப்பா வேணும்."

நியாயமான பேச்சு. வருஷப் பொங்கலைக் கெடுத்தவன் எதிர்த்துப் பேச முடியுமா?

அன்றிலிருந்து எனக்கு வெறி பிடித்துவிட்டது. படித்தேன், பார்த்தேன், கேட்டேன். அவசரப்பட்டு ஈரம் ஏற்றினால் இலை ஊதி இன்னும் வெடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று தெரிந்தது. காற்றின் ஈரத்தைக் காட்டும் சின்னக் கருவி ஒன்று மலிவாகக் கிடைத்தது. அது சொல்வது உண்மையா என்று பார்க்க உப்பே போதும் என்று அறிந்தபோது துள்ளிக் குதித்தேன். வேதாரண்யத்துக் கல் உப்பைப் பாட்டில் மூடியில் வைத்து, சேறு பதத்துக்குத் தண்ணீர் விட்டு, கருவியோடு டப்பாவில் மூடி வைத்தால் எழுபத்தைந்து சதவீதம் காட்ட வேண்டும். காட்டியது. சுருட்டுக்கு வேண்டியது அறுபத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவில். உப்பு மூடியை உள்ளே வைப்பதும் எடுப்பதுமாக, பங்குனி வெயிலில் டப்பாவைத் தண்ணீர்ப் பானையடிக்கு நகர்த்துவதும் கட்டிலடிக்கு இழுப்பதுமாக, கைக்குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தேன். வெடித்த இலையைச் சாதக் கஞ்சி தொட்டு ஒட்டினேன். அரிசி செய்த வேலைக்கு அரிசியையே மருந்தாகப் போட்டதில் எனக்கு ஒரு திருப்தி.

சித்திரை முடிவதற்குள் விரலால் அழுத்தினால் மெத்தென்று இருந்தது. வாசனைகூட எட்டிப் பார்த்தது. ஆனால் உண்மையிலேயே உயிர் வந்துவிட்டதா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி கொளுத்துவது. கொளுத்தினால் தீர்ந்தது. கையில் எடுப்பேன், மனைவி முகத்தைப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. மன்னார்குடி போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊர் வாய்க்காலுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் வந்ததும் நாற்றங்காலில் விதை விடுவதற்கு முன்னால் அப்பா முனிக்குப் படையல் போடுவார். வாய்க்கால் கரைப் பனைமரத்தடியில் நட்டு வைத்த சூலம்தான் எங்கள் முனி. கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு குவார்ட்டர், கொளுத்திய சுருட்டு. சுருட்டு கடைசிவரை அணையாமல் எரிந்தால் முனிக்குச் சம்மதம். நடுவில் அணைந்தால் அப்பா விதைவிட மாட்டார். வேறு நாள் பார்த்து மறுபடி படைக்க வேண்டும்.

படையல் அன்று காலை அம்மா போன் செய்தார்.

"ஏம்ப்பா, கடையில சுருட்டே இல்லையாம். சிகரெட்தான் இருக்குங்கறான். முனிக்குப் போயி சிகரெட்ட வக்க முடியுமா? நீதான் டப்பா டப்பாவா வச்சிருக்கியாமே, எடுத்துட்டு வா."

உறையூர்ச் சுருட்டு ஒன்றை வைத்துவிடலாம் என்று டப்பாவோடு கிளம்பினேன். மனைவியும் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பனைமரத்தடியில் படையலுக்கு வாழையிலை போட்டாகிவிட்டது. பக்கத்தில் ஈரச் சாக்குக்குள் முளை கட்டிய விதை நெல், இளம் வெள்ளை முளையோடு தயாராக இருந்தது. அது இன்னொரு நாளுக்குக் காத்திருக்காது, வீணாகிவிடும். அப்பா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுல எது நல்லது?"

முனி முன்னால் பொய் சொல்லும் துணிச்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. என் விரல் தானாக அந்தச் சிவப்பு வளையத்தைத் தொட்டது. மனைவி சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அதையே வச்சிரு" என்றார் அப்பா.

பாக்குவெட்டியால் நுனியை வெட்டினேன். அடுத்த சிக்கல் அப்போதுதான் உறைத்தது. சுருட்டை வாயில் வைத்து இழுத்துத்தான் பற்றவைப்பது வழக்கம். படையலில் எச்சில் படக்கூடாது. ஒரு குச்சியைக் கொளுத்தி, அடிநுனியைத் தீயில் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். ஓரம் சிவந்தது, நடுவில் கறுப்பாகவே இருந்தது. அதிகம் ஈரமேற்றிவிட்டேனோ? சூலத்தின் கவட்டையில் செருகி, எரிகிற முனையைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்தேன். அதற்குமேல் ஆடிக் காற்று விட்ட வழி.

புகை மெலிந்து ஒரு நூலானது. பிறகு அதுவும் இல்லை. அம்மா முனகிக்கொண்டே கும்பிட்டார். அப்பா விதைச் சாக்கைப் பார்த்தார், சுருட்டைப் பார்த்தார். அப்போது காற்று ஒரு வீச்சு வீசியது. கறுப்பாக இருந்த நடு, கண் விழித்தது போலச் செக்கச் சிவந்தது. பிறகு வந்ததே ஒரு வாசனை, வறுத்த காப்பிக்கொட்டையும் வெல்லப்பாகும் கலந்த மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சாம்பல் உதிராமல் வெள்ளையாக நீண்டது. கஞ்சி தொட்டு ஒட்டிய இடத்துக்கு நெருப்பு வந்தபோது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதையும் தாண்டியது. வளையத்துக்குச் சற்று முன்னால் வந்த பிறகுதான் தானாக அடங்கியது.

அப்பா விபூதி பூசிவிட்டு, மிச்சமிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பிரசாதம். எடுத்துக்க."

அப்பா முன்னால் நான் புகைத்ததில்லை. நான் சுருட்டு சேர்ப்பது தெரிந்தும் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அவர் விதைக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"நான் எறங்குறேன். திரும்பிப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் கால் வைத்தார்.

கற்பூரத்தில் பற்றவைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். அடிக்கட்டைச் சூடு நாக்கைச் சுட்டது. அதற்குப் பின்னால் அந்த வெல்லம், அந்தக் காப்பி, மண்வாடை, எல்லாம் அப்படியே இருந்தன.

"உசுரோடதான் இருக்கா?" என்றாள் மனைவி. வாய் நிறையப் புகை. தலையை மட்டும் ஆட்டினேன். "சரி, டப்பா இருக்கட்டும். முறுக்குக்கு வேற வாங்கிக்கிறேன்."

நாற்றங்காலின் நடுவிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. முதுகு எங்கள் பக்கம்தான் இருந்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

அப்போதும் அவர் திரும்பவில்லை. கூடைக்குள் கையை விட்டு அடுத்த பிடி விதையை வீசினார்.