மூடின அடுப்பு

உள்ளறையில் இரும்பு சிமெண்டுத் தரையில் இடித்தது. டக், டக்.

லோரியானா காப்பிக் கோப்பையைச் சட்டென்று மேஜையில் வைத்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். நீளக் கம்பியை மண்ணில் இறக்கி, கீழே வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நுனியில் ஒட்டிய களிமண்ணை உதிர்ப்பதற்காகத் தட்டுகிற சத்தம். அவள் அப்பா அப்படித்தான் தட்டுவார். ஒருநாள் பழைய கல்லறை ஒன்றைத் தோண்டும்போது குழி சரிந்து, மண் அவரை மூடிக்கொண்டது. திருடப் போனவனுக்கு அழக்கூட அம்மாவுக்கு வாய் வரவில்லை.

கல்யாணத்துக்கு முன், அதே தொழிலில் இருந்த குவிந்தோவின் கம்பியை ஆற்றில் எறிய வைத்த பிறகுதான் லோரியானா அவனுக்குச் சம்மதம் சொன்னாள்.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டார் எதிரே உட்கார்ந்திருந்த பெர்த்தினி. அகழாய்வின் தலைவி. குழியில் எல்லோருக்கும் டாக்டரம்மா. மழையில் நனைந்த மேலங்கியைக்கூட அவர் கழற்றவில்லை.

"கட்டில் கால் ஆடுதும்மா. என் வீட்டுக்காரர் சரி பண்றார்."

டாக்டரம்மா தலையசைத்தார். பழங்கால எத்ருஸ்கர் இனத்தாரின் கல்லறை மேட்டில் ஆள் எடுத்தபோது, "திருடன் மகளையா சேர்க்கிறீங்க?" என்று ஊரே கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொள்ளை போன கல்லறை ஏதாவது திறந்தால், "லோரியானா, உங்கப்பா நமக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிட்டாரு போல" என்று குழிக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்தபடியே கரணையால் மண்ணைச் சுரண்டுவாள். போன வாரம் அவளுடைய கரணை நுனியில்தான், யாரும் அசைக்காத ஒரு கல்லறை வாசற்கல் தட்டுப்பட்டது. அன்று டாக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நேத்து ராத்திரி அந்தக் கல்லை உடைச்சுட்டாங்க," என்றார் டாக்டரம்மா. "உள்ளே சுவரில் ஒரு குதிரை வரைஞ்சிருக்கு, லோரியானா. பாதி முகம் தூளா தரையில கிடக்கு. அந்தக் கல்லைப் பத்தி நம்ம ஆளுங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லம்மா."

மறுபடி டக், டக். "இதோ வர்றேன்," என்று எழுந்து உள்ளே போனாள்.

குவிந்தோ கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மடியில் புதுக் கம்பி, காலடியில் ஈர மண்.

"நீயா?" என்றாள் தணிந்த குரலில்.

"ஏன் தெரியாத மாதிரி கேக்கறே? நீதானே சொன்னே."

"நானா?"

"ஞாயித்துக்கிழமை, சாப்பாட்டு மேஜையில. 'அடுப்பு இன்னும் மூடித்தான் இருக்கு, கொஞ்சம் பொறு'ன்னு."

கல்லறைத் திருடர்கள் வீட்டுக்குள்கூடக் கல்லறை என்று சொல்வதில்லை. அடுப்பு என்பார்கள். யாரும் கை வைக்காதது மூடின அடுப்பு. எத்தனை இரவு அப்பா வாயில் அதைக் கேட்டிருக்கிறாள்.

"ஆட்டுக்கறி வேகலைன்னு சொன்னேன்டா, பாவி."

குவிந்தோவின் முகம் வெளிறியது. "கடைசியில நீ என் பக்கம் வந்துட்டேன்னு நினைச்சேன்," என்றான். "அந்த சந்தோஷத்துலதான் ஓடினேன்."

சந்தோஷம் என்ற அந்த ஒரு சொல்லில் அவள் நெஞ்சு உடைந்தது.

அவன் அவள் கையைப் பிடித்தான். "கட்டில் காலுன்னே சொல்லிடு. உன்னைத்தான் நம்புறாங்களே. நீ என்ன சொன்னாலும் நம்புவாங்க."

நம்புவார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் கையை விடுவித்துக்கொண்டு கம்பியை எடுத்தாள். அவன் தடுக்கவில்லை. சமையலறை மேஜையில் அதை டாக்டரம்மாவின் முன்னால் வைத்தாள். கொக்கியில் தொங்கிய தன் கரணையையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"கட்டில் கால் இல்லம்மா. கல்லை உடைச்சது அவர்தான். ஆனா வார்த்தை என் வாயிலிருந்துதான் போச்சு."

டாக்டரம்மா கம்பியின் நுனியில் ஒட்டியிருந்த மஞ்சள் மண்ணை விரலால் தொட்டார். அவருடைய குழியின் மண்.

"நான் போலீசுக்குச் சொல்லித்தான் ஆகணும்."

"தெரியும்மா."

"இனிமே வேலைக்கு நீ வர வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா வான்னும் சொல்ல முடியாது."

டாக்டரம்மா கம்பியை எடுத்துக்கொண்டார். கரணையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். காப்பி தொடப்படாமல் ஆறிப்போயிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் மழைக்குள் இறங்கினார்.

லோரியானா கதவைச் சாத்தினாள்.