மூடாத டிஸ்க்

என் வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்தபோது, மிக்ஸி வாங்கிட்டு வாங்க என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். மிலிட்டரி கேன்டீனிலிருந்து வந்து இறங்கியது டிவிடி ரெக்கார்டர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு போட்டேனே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை.

டிவியில் ஓடுவதை அந்தப் பெட்டி பதியும். வீடியோ கேமராவிலிருந்து வயரைச் சொருகினால் அதில் எடுத்ததையும் டிஸ்க்கில் இறக்கிவிடும். அவருக்கு இந்த இரண்டாவதில்தான் பைத்தியம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷன், கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் பேச்சு நிற்காது. இது நம்ம வீட்டு மொட்டை மாடி, அங்கே துணி காயப்போடுவது மகாராணி என்று ஒரே வர்ணனையாக இருக்கும். வேற வேலை இல்லையா என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நான் கீழே இறங்கிவிடுவேன். எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றதால் அவர் எந்தப் படத்திலும் கிடையாது. குரல் மட்டும்தான் உண்டு.

எடுத்ததையெல்லாம் ஒரே டிஸ்க்கில் சேர்த்துக்கொண்டே வந்தார். கேமரா டேப்பில் பழையதின் மேலேயே புதியதை எடுத்துவிடுவார். அதனால் டிஸ்க்கில் ஏறியது மட்டும்தான் மிஞ்சும். அதிலும் ஒரு சங்கடம். பதிந்து முடித்ததும் டிஸ்க்கை 'ஃபைனலைஸ்' செய்து மூட வேண்டுமாம். மூடினால்தான் மற்ற மெஷின்களில் ஓடும். மூடிவிட்டாலோ மேற்கொண்டு எதையும் சேர்க்க முடியாது. மகன் ஒவ்வொரு லீவிலும் வந்து மூடச் சொல்லிக் கெஞ்சுவான்.

"இன்னும் எடம் கெடக்குல்லா. என்ன அவசரம்?" என்பார் இவர்.

பற்பசை டியூபைக்கூடக் கத்தரியால் வெட்டி வழித்துவிட்டுத்தான் தூக்கிப்போடுகிற குடும்பம் எங்களுடையது. டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும்போது மூடுவதற்கு மனசு வருமா?

ஒரு இடிமழையில் ரெக்கார்டர் கருகிப்போய், பழைய சாமான் வண்டியில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவரும் போனார். மாரடைப்பு. ஆஸ்பத்திரி வாசல் வரைகூட வரவில்லை. கடைசி வரை பட்டன் போன்தான் வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் ஒரு பேச்சு, ஒரு வீடியோ கிடையாது.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு காலையில், காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் என்னைக் கூப்பிடுவதை மனசுக்குள் கேட்டுப் பார்த்தேன். வார்த்தை வந்தது. குரல் வரவில்லை. பதறிப்போனேன். சுவரில் போட்டோ இருக்கிறது, பீரோவில் சட்டை இருக்கிறது, குரல் எங்கே போயிற்று? டம்ளரை அப்படியே வைத்துவிட்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தேன்.

டிவிடி ப்ளேயரில் ஓடவில்லை. மகன் கம்ப்யூட்டரில் போட்டான். வெறும் டிஸ்க் என்றது. தென்காசியில் ஏறி இறங்காத கடை இல்லை. அந்த ரெக்கார்டரே வேண்டும், இல்லாவிட்டால் அதே கம்பெனியின் அதே மாடல் வேண்டும் என்றார்கள். இந்தக் காலத்தில் அதற்கு எங்கே போவது? மூடாமல் விட்ட மனுஷனை அன்றைக்கு நான் திட்டாத திட்டு இல்லை. திட்டிவிட்டு அழுதேன்.

கடைசியில் சுரண்டையில் கல்யாண வீடியோ எடுக்கிற ஓர் அண்ணாச்சியிடம் அதே மாடல் இருப்பதாக மகன் கண்டுபிடித்தான். விலைக்குத் தரமாட்டேன், பார்த்துவிட்டுக் கொண்டுவாங்க என்று துணியில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, டிஸ்க்கைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினோம். கரகரவென்று கொஞ்ச நேரம் சுற்றியது.

பழையதெல்லாம் திக்கித் திக்கி நின்றுவிட்டது. கடைசியாகப் பதிந்தது மட்டும் ஓடியது. குற்றாலம், நல்ல சாரல். குளித்து, உடை மாற்றி, கடைகளுக்குப் பக்கத்தில் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறேன். மகன் தன் துண்டைத் தொலைத்துவிட்டான் போல. அவனை ஏசிக்கொண்டிருக்கிறேன். என் வாய் அசைகிறதே தவிர, அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இவர் தள்ளி நின்று எடுத்திருக்கிறார். கேமராவின் மைக் அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்ததால், அவ்வளவு இரைச்சலுக்கு மேலேயும் அவர் குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"ஏட்டி, இங்கன பாரு. இங்கன பாருட்டி."

அதே குரல். கொஞ்சம் அடைத்த மாதிரி, முடிவில் இழுக்கிற அதே குரல். திரையில் நிற்கிறவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் திரும்பவில்லை. நானோ சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், தனக்குத்தானே மெதுவாகச் சொன்னார்.

"அவளுக்குக் கேக்கல. சரி, நிக்கட்டும். நனைஞ்ச தலையோட எவ்வளவு அழகா இருக்கா."

அவ்வளவுதான். படம் முடிந்து திரை நீலமானது. கல்யாணமான நாளிலிருந்து என் காதுபட ஒரு தடவைகூட அந்த மனுஷன் அப்படிச் சொன்னதில்லை. சேலை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை, குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

மகன் ரிமோட்டைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். இன்னொரு தடவை போடு என்றேன். போட்டான். அவர் கூப்பிட்டதும், "பாக்கேன், சொல்லுங்க" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். திரையில் நின்றவள் துண்டை உதறிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.